எமோ ராப் மிக்ஸ்டேப்: கிட்டார் தனியாக ஒலிக்கும் அந்தப் பத்து நொடி

2016 செப்டம்பர் 25 அன்று, லில் பீப் என்ற பெயரில் பாடிவந்த 19 வயது அமெரிக்க இளைஞர் ‘ஹெல்பாய்’ என்ற தலைப்பில் 16 பாடல்களைச் சவுண்ட்கிளவுட் தளத்தில் ஏற்றினார். இலவசமாகக் கேட்கலாம், பெரிய இசை நிறுவனம் எதுவும் அதை வெளியிடவில்லை. அதே தொகுப்பு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்கு வந்தது 2020 செப்டம்பர் 25 அன்று. சரியாக நான்கு ஆண்டு இடைவெளி. அதற்குள் பாடியவரே உயிரோடு இல்லை. ஏற்கெனவே முடிந்து, லட்சக்கணக்கானோர் கேட்டுவிட்ட பாடல்களைக் கடைக்குக் கொண்டுவர ஏன் இவ்வளவு காலம்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எமோ ராப் (மனக்காயத்தைப் பாடும் எமோ ராக் இசையும் ராப்பும் சேர்ந்த வகை) மிக்ஸ்டேப் என்பது என்ன என்பதில் முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான்.

மிக்ஸ்டேப்: பெயரில்தான் டேப்

எண்பதுகளில் நம்மூர் ரெக்கார்டிங் சென்டரில் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிடக் கேசட்டிலோ பதிந்து வாங்கியவர்களுக்கு மிக்ஸ்டேப்பின் முதல் பொருளை விளக்கவே தேவையில்லை. பலருடைய பாட்டு, ஒரே கேசட், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நியூயார்க்கில் ஹிப்-ஹாப் டிஜேக்கள் எழுபதுகளின் கடைசியிலிருந்து செய்ததும் ஏறக்குறைய இதுதான். கொண்டாட்டங்களில் தாங்கள் வாசித்ததைக் கேசட்டில் பதிந்து கைமாற்றினார்கள். பிறகு அது குறுந்தகடாக மாறியது. 2000களில் ராப் பாடகர்கள் மற்றவர்களுடைய பிரபல பீட்டின் (குரல் இல்லாத தாள-இசைப் பின்னணியின்) மேல் புது வரிகளைப் பாடி மிக்ஸ்டேப்பாக விட்டார்கள். இசை நிறுவனங்களுக்கு இது விளம்பரமாகவும் இருந்தது, தொல்லையாகவும் இருந்தது. 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்களுக்குப் பெயர்பெற்ற டிஜே டிராமாவின் அலுவலகத்தில் சோதனை நடந்து அவர் கைதானபோது, இசை நிறுவனங்கள் உறவாடிக்கொண்டே அடிக்கவும் செய்வார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அதன்பின் தெருவில் குறுந்தகடு விற்பது குறைந்து, டாட்பிஃப், சவுண்ட்கிளவுட் என்று இலவசத் தளங்களுக்கு எல்லாம் நகர்ந்தன. 2010களில் மிக்ஸ்டேப் என்றால் கேட்பதற்கு ஆல்பம் போலவே இருக்கும்: சொந்த வரிகள், சொந்த அட்டைப்படம், யோசித்து அமைத்த வரிசை. அப்படியானால் ஆல்பத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இசையில் தேடினால் கிடைக்காது. கணக்கிலும் சட்டத்திலும்தான் இருக்கிறது. மிக்ஸ்டேப் இலவசம், அதன் சாம்பிள்களுக்கு (வேறு பாட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டுகளுக்கு) பெரும்பாலும் உரிமம் வாங்கியிருக்க மாட்டார்கள். இன்று நிறுவனங்களே காசுக்கு விற்கும் தொகுப்புக்கு ‘மிக்ஸ்டேப்’ என்று பெயர் வைக்கின்றன. அது வெறும் விளம்பர வாசனை.

சான்ஸ் தி ராப்பர் 2016 மே மாதம் வெளியிட்ட ‘கலரிங் புக்’ இந்த எல்லைக்கோட்டையே அசைத்தது. விற்பனைக்கே வராத, ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கிடைத்த அந்தத் தொகுப்பு 2017-ல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

எமோவும் ராப்பும் எங்கே ஒட்டின

எமோ 1980களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யில், ஹார்ட்கோர் பங்க் இசைக்குள்ளிருந்து முளைத்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு 1985-ல் வெளியிட்ட ஆல்பத்தைத்தான் பொதுவாகத் தொடக்கமாகச் சொல்வார்கள். ஊரையும் ஆட்சியையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த பங்க், தன் காயத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்த இடம் அது. (அந்தக் குழுவுக்கே இந்தப் பட்டம் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) தொண்ணூறுகளில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இது சத்தம் குறைந்து மென்மையானது. இலினாய் மாநிலத்தின் அர்பானாவைச் சேர்ந்த அமெரிக்கன் ஃபுட்பால் குழுவின் 1999 ஆல்பத்தில் கிட்டாரின் ஆறு தந்திகளையும் வழக்கமான சுருதியில் வைக்காமல் எஃப்-ஏ-சி-ஜி-சி-இ என்று மாற்றிக் கட்டியிருப்பார்கள். திறந்த தந்திகள் ஒன்றின் மேல் ஒன்று கரைந்து ஒலிப்பதற்குக் காரணம் அதுதான். 2000களில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியிலிருந்து டேக்கிங் பேக் சண்டே, பிராண்ட் நியூ போன்ற குழுக்கள் வந்தன. லில் பீப் வளர்ந்ததும் அதே லாங் ஐலண்டின் லாங் பீச்சில். அதாவது அவர் எடுத்துக் கையாண்டது அக்கம்பக்கத்து ஊர் இசையை.

ராப் பக்கத்திலிருந்து வந்தவை வேறு: மெம்ஃபிஸ், அட்லாண்டா பாணி டிரம்ஸ், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் கருவியின் ஆழமான அடி, ஆட்டோ-டியூன் (குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள்) பூசிய பாடல் குரல். கான்யே வெஸ்ட் 2008-ல் வெளியிட்ட ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’, உடைந்த மனதை ஆட்டோ-டியூனில் பாடுவது ராப்புக்கு அடுக்கும் என்று காட்டிவிட்டிருந்தது. லில் பீப் சேர்ந்த காத்பாய்கிளிக் என்ற கூட்டத்தைத் தொடங்கிய விக்கா ஃபேஸ் ஸ்பிரிங்ஸ் எடர்னல், அதற்கு முன் டைகர்ஸ் ஜா என்ற எமோ குழுவில் இருந்தவர். இரண்டு வீட்டிலும் வாழ்ந்தவர்கள் கட்டிய பாலம் இது.

ஆனால் மனநிலை ஒத்துப்போனதால் மட்டும் இவை ஒட்டவில்லை. ஒலியமைப்பில் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. எமோ பாட்டு பெரும்பாலும் கிட்டார் மட்டும் தனியாக ஒலித்துத் தொடங்கும். எட்டு, பத்து, சில வேளை பதினைந்து நொடிக்கு டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, குரல் இல்லை. சாம்பிள் வெட்டுபவருக்கு இது வாழையிலை விரித்து வைத்த மாதிரி. பழைய ஃபங்க், சோல் பாட்டுகளில் டிரம்ஸும் பேஸும் பின்னிக் கிடக்கும். அவற்றின் மேல் புது 808-ஐ வைத்தால் இரண்டு பேஸும் முட்டிக்கொள்ளும். எமோ தொடக்கத்தில் கீழ்ப்பகுதி காலி, தாளம் காலி, மெட்டு மட்டும் இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் 808 வந்து உட்கார்ந்ததுதான் எமோ ராப்.

லில் பீப்பின் 2016 ஜூன் மிக்ஸ்டேப்பான ‘கிரைபேபி’யில் இதை வெளிப்படையாகக் கேட்கலாம். தலைப்புப் பாடலுக்கு அடியில் ஓடுவது பிராண்ட் நியூ. ‘வைட் டீ’யில் தி போஸ்டல் சர்வீஸ். ‘யெஸ்டர்டே’யில் ஓயேசிஸின் ‘வொண்டர்வால்’ கிட்டார், கேட்ட மறுநொடியே தெரிந்துவிடும். ‘ஹெல்பாய்’ வந்தபோது ஸ்மோக்ஆசாக், நெடார்ப் போன்ற தயாரிப்பாளர்களின் கை சேர்ந்து டிரம்ஸ் இன்னும் கனமானது.

லூப்பிலிருந்து பீட் வரை

ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதை எண்களோடு பார்ப்போம். லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓட, வெட்டி எடுத்த மூலக் கிட்டார் நிமிடத்துக்கு 160 துடிப்பில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 140 என்று வைத்துக்கொள்வோம். வேகத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, சுருதி மாறாமல் நீட்டுவது. இதில் தந்தி மீட்டும் முனை மழுங்கித் தண்ணீருக்குள் ஒலிப்பது போலாகிவிடும். மற்றது, டேப்பை மெதுவாக ஓட்டுவது போல் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து இறக்குவது. எமோ ராப்புக்கு இரண்டாவதுதான் பிடித்தமானது, ஏனென்றால் கிட்டார் கனத்து இருண்டுவிடும்.

தொடக்கக்காரர்கள் விழும் முதல் குழி இங்கேதான். 160-ஐ 140 ஆக்கினால் சுருதி 2 அரைச்சுரமும் 31 சென்ட்டும் இறங்கும். சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. ஏ மைனரில் இருந்த லூப் ஜி மைனருக்கு வந்துவிட்டது என்று நினைத்து கீபோர்டில் ஜி அழுத்தி 808 வைப்பீர்கள். ஆனால் லூப் ஜி-யில் இல்லை, ஜி-க்கு 31 சென்ட் கீழே நிற்கிறது. ஒவ்வோர் அடியும் கிட்டாரோடு உரசி, காரணம் தெரியாத ஒரு குமட்டல் போலக் கேட்கும். இதோடு நிற்காது. குரலுக்குப் போடும் ஆட்டோ-டியூனும் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டு குரலைத் தப்பான இடத்துக்கு இழுக்கும். தீர்வு எளிது: லூப்பை மட்டும் 31 சென்ட் மேலே தூக்கிச் சரியான ஜி-யில் நிறுத்துங்கள். லூப்பைத் தொட மனமில்லை என்றால் 808-ஐ 31 சென்ட் இறக்கி, ஆட்டோ-டியூனின் அடிப்படைச் சுருதியை 432 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முதல் வழியில் தலைவலி குறைவு.

அடுத்து லூப்பில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டிவிடுங்கள். கிட்டாரின் தாழ்ந்த சுரங்களின் அடிப்பகுதி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, 808-க்கு அந்த இடம் வேண்டும். மேலே 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸில் மெல்ல வெட்டினால் கிட்டார் பக்கத்து அறையிலிருந்து வருவது போல விலகி, குரலுக்கு முன்வாசல் கிடைக்கும்.

808-ல் இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அதன் வால். நீளமாக ஒலிக்கும் அடி, அடுத்த அடி வந்த பிறகும் ஓயாமல் ஒலித்தால் இரண்டு சுரமும் கலந்து சேறாகும். சாம்பிளரில் ஒரு நேரத்தில் ஒரே சுரம் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் போதும். மற்றது, கைபேசி. ஆழத்தில் உள்ள ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அது வரவே வராது. பாட்டில் பேஸ் இல்லை என்றே கேட்பவர் நினைப்பார். 808-ஐக் கொஞ்சம் கரகரக்கச் செய்தால், அதாவது சாச்சுரேஷன் கொடுத்தால், 98, 147, 196 என்று மேல் அதிர்வுகள் பிறக்கும். காது அவற்றைக் கேட்டு அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். எமோ ராப்பில் 808 கிழிந்து ஒலிப்பதற்கு ரசனை பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

தாளத்தில் எண்ணிக்கை 140 என்றாலும் தலை ஆடுவது 70-க்குத்தான். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு பாரிலும் ஸ்நேர் டிரம் 2, 4 என்று விழாமல் 3-ல் மட்டும் விழுவதால் வேகம் பாதியாகத் தெரிகிறது. மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஹை-ஹாட் (டிரம்ஸின் சிறு தாளத்தட்டு) எளிதில் பிடிபடும்: சதுஸ்ர நடையில் ஓடிக்கொண்டிருக்கும், பாரின் முடிவில் ஒரு துணுக்கு மட்டும் திஸ்ரத்துக்குத் தாவித் திரும்பும். எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் தையல் இயந்திரம் போலாகிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றை இரண்டு மூன்று டெசிபெல் தணித்து வையுங்கள்.

நீளத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். 140-ல் ஒரு பார் 1.71 நொடி. லூப் மட்டும் 8 பார், ஹுக் (பல்லவி) 16, வரிகள் 16, ஹுக் 16, வரிகளோ வெறும் முனகலோ 16, கரைந்து முடிய 8. மொத்தம் 80 பார், 2 நிமிடம் 17 நொடி. இந்த வகைப் பாடல்கள் சின்னதாக இருப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. ஒரே லூப்பை மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கிப் பிடிப்பது கஷ்டம்.

குரல்

பத்து லட்ச ரூபாய் ஸ்டுடியோவில் பாடினால் இந்த இசை கெட்டுப்போகும் என்றுகூடச் சிலர் வாதிடுவார்கள். அது மிகை. ஆனால் படுக்கையறையில் பதிந்த குரலின் நெருக்கம் இந்த வகையின் அடையாளம் என்பது உண்மை. லில் பீப் ஆப்பிள் கணினியோடு இலவசமாக வரும் கராஜ்பேண்டில் தானே பதிந்துகொண்டவர். நடுத்தர விலை மைக், அதைக் கணினியோடு இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன், இவை போதும்.

துணி நிறைந்த அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். மைக்கின் முகம் உங்களையும் அந்தத் துணியையும் பார்த்திருக்கும், வெற்றுச்சுவரின் எதிரொலி குறையும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். சத்தமாகப் பாடும் இடத்தில் அளவுமானி -12-க்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். 0-வைத் தொட்டால் பதிவு கிழியும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். பத்தில் ஒரு நொடிக்கு மேல் தாமதமாகக் கேட்கும், நீங்கள் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். வயர் உள்ளதிலும், தாமதம் குறைய, கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபர் அளவை 128-க்கு இறக்கிக்கொண்டு பதியுங்கள்.

ஹெட்ஃபோன் சத்தத்தையும் அடக்கி வைக்க வேண்டும். பீட் மைக்குக்குள் கசிந்தால், ஆட்டோ-டியூன் எது குரல் எது கிட்டார் என்று குழம்பி, வரி முடிவுகளில் தேவையில்லாமல் நடுங்கும். 1997-ல் வந்த இந்தக் கருவியில் தொடக்கக்காரர் தொட வேண்டியவை இரண்டு: பாட்டின் ஸ்கேல், திருத்தும் வேகம். ஸ்கேலைத் தவறாகக் கொடுத்தால் சரியாகப் பாடியதும் பிசகும். வேகத்தை 0-வில் வைத்தால் இயந்திரக் குரல், 20 அளவில் வைத்தால் இழுவை தெரியும் ஆனால் மனிதக் குரலாகவே இருக்கும். எமோ ராப்பில் குரல் உடைகிற இடங்கள் முக்கியம். முழுக்கத் திருத்திவிட்டால் பாட்டின் உயிரும் போய்விடும்.

ஹுக்கை மூன்று முறை பாடிப் பதியுங்கள். ஒன்று நடுவில், மற்ற இரண்டும் இடமும் வலமுமாக, 8 முதல் 10 டெசிபெல் தாழ்த்தி. ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, சத்தம் மட்டும் கூடும். பக்கக் குரல்களில் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை வெட்டிவிடுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் விழாவிட்டால் வடை சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி தெறிக்கும். டிலே எதிரொலியை 429 மில்லிநொடிக்கு வைத்தால் 140-ல் ஓர் எண்ணிக்கைக்குச் சரியாக விழும், 214 என்றால் அரை எண்ணிக்கைக்கு.

பீட்டை வேறொருவரிடமிருந்து எம்.பி.3 கோப்பாக வாங்கியிருந்தால் அது ஏற்கெனவே 0 டெசிபெல் வரை நிரம்பியிருக்கும். அதன் மேல் குரலை வைத்தால் பொங்கி வழியும். முதல் வேலையாகப் பீட்டை 6 டெசிபெல் இறக்குங்கள்.

வரிகளைப் பற்றி ஒரு சொல். தனிமை, பிரிவு, தற்கொலை எண்ணம், போதை மாத்திரை, இவை இந்த வகையில் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 2017 நவம்பர் 15 அன்று, அரிசோனாவின் டூசானில், சுற்றுப்பயணப் பேருந்திலேயே லில் பீப் இறந்தார். வயது 21. ஃபென்டனில், அல்பிரசோலம் இரண்டும் அளவு மீறிச் சேர்ந்ததே காரணம் என்று மருத்துவ அறிக்கை சொன்னது. 2019 டிசம்பரில் இன்னொரு எமோ ராப் பாடகரான ஜூஸ் வேர்ல்ட் இறந்தபோது அவருக்கும் 21.

சாம்பிளின் விலை

இப்போது அந்த நான்கு ஆண்டுக் கேள்விக்கு வரலாம். பதிவான ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு ஒன்று. அது பாடலாசிரியருடையது, அல்லது அவருடைய பதிப்பகத்துடையது. அதைப் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. அதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள், பெரும்பாலும் இசை நிறுவனம் வைத்திருக்கும். பத்து நொடிக் கிட்டாரை வெட்டி எடுத்தால் இருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் சரி சொல்லி மற்றவர் மறுத்தால் கதை முடிந்தது. 16 பாட்டு கொண்ட மிக்ஸ்டேப்பில் எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள். ‘கிரைபேபி’யும் முறையாக வெளிவர 2020 ஜூன் ஆனது, அதுவும் நான்கு ஆண்டு கழித்து. டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989 முதலான ஆரம்பகால ஆல்பங்கள் சாம்பிள் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை என்பதை நினைத்தால், லில் பீப் ரசிகர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

‘ஆறு நொடிக்குள் எடுத்தால் தப்பில்லை’, ‘காசு வாங்கவில்லை என்றால் தப்பில்லை’, ‘நன்றி என்று பெயர் போட்டுவிட்டால் தப்பில்லை’ என்று மூன்று நம்பிக்கைகள் உலவுகின்றன. மூன்றுக்கும் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் 1991-ல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கின் தீர்ப்பு ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடுதான் தொடங்கியது. 2005-ல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில், ஃபங்கடெலிக் பாட்டிலிருந்து எடுத்த இரண்டு நொடிக் கிட்டாருக்கே உரிமம் வேண்டும் என்று ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2016-ல் மடோனாவின் ‘வோக்’ பாட்டைப் பற்றிய வழக்கில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், கால் நொடிகூட இல்லாத ஓர் ஊதுகுழல் ஒலிக்கு வேண்டாம் என்று மாற்றிச் சொன்னது. இரண்டு தீர்ப்பும் நிற்கின்றன. ஆனால் எட்டு பார் லூப் முழுப் பாட்டிலும் சுழல்கிற எமோ ராப்புக்கு இரண்டாவது தீர்ப்பும் குடை பிடிக்காது.

மாற்று வழி, கிட்டாரை நீங்களே வாசிப்பது. அப்போது மாஸ்டர் உரிமம் தேவைப்படாது, ஆனால் மெட்டு உரிமம் வேண்டும். ஜூஸ் வேர்ல்டின் ‘லூசிட் டிரீம்ஸ்’ பாட்டில் ஸ்டிங்கின் 1993 பாடல் ஒன்றின் கிட்டார் மெட்டு ஓடுகிறது. அதனால் ஸ்டிங்கும் அவருடைய கிட்டார் கலைஞர் டொமினிக் மில்லரும் அதன் பாடலாசிரியர் பட்டியலில் இருக்கிறார்கள். அதே பாட்டின் மெட்டு தங்களுடையதைப் போலிருக்கிறது என்று எல்லோகார்டு என்ற குழுவினர் 2019-ல் வழக்குப் போட்டு, ஜூஸ் வேர்ல்ட் இறந்த பிறகு, 2020-ல் அதைக் கைவிட்டார்கள். எவருடைய மெட்டும் வேண்டாம் என்றால் சுருதி மாற்றிக் கட்டிய கிட்டாரில் நீங்களே நான்கு கார்டு (சுரக்கூட்டு) வைத்து எட்டு பார் வாசித்துப் பதிந்து, பிறகு அதையே சாம்பிள் போல மெதுவாக்கி இருளாக்குங்கள். இன்று விவரமுள்ள தயாரிப்பாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். காதுக்கு வேறுபாடு சொல்வது கடினம்.

வெளியிடுதல்

எல்லாப் பாட்டும் முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒலியளவுக் குமிழைத் தொடாமல் முழுக்கக் கேளுங்கள். கை தானாக நீளும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய -14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதைவிட மிகச் சத்தமாக நசுக்கி அனுப்பினால் அவர்கள் இறக்குவார்கள், உங்களுக்கு நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். உச்சம் -1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

உரிமம் இல்லாத சாம்பிள் இருந்தால் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகத் தளங்கள் வழியாக அனுப்பாதீர்கள். ‘எல்லா உரிமையும் என்னுடையது’ என்று அங்கே கையெழுத்துப் போடாத குறையாக உறுதிமொழி கொடுக்கிறீர்கள். ஒரு புகார் வந்தால் அந்தப் பாட்டு மட்டும் அல்ல, முழுத் தொகுப்பும் இறங்கலாம், வந்த காசும் முடங்கலாம். சவுண்ட்கிளவுடிலும் யூடியூபிலும் கைரேகை போல ஒலியை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. மெதுவாக்கினால் தப்பித்துவிடலாம் என்பது எப்போதும் பலிப்பதில்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் வாங்கினால் கணக்கே போய்விடும்.

விலைக்கு வாங்கும் ‘லீஸ்’ (வாடகை போன்ற, தனியுரிமை இல்லாத) பீட்டிலும் பொறி உண்டு. ஒரே பீட்டை நூறு பேருக்குக் கொடுத்திருப்பார்கள், ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் போட்டிருப்பார்கள். அதை வைத்துச் செய்த பாட்டை யூடியூபின் ஒலி அடையாள அமைப்பான கன்டென்ட் ஐடியில் பதிந்தால், அதே பீட்டில் பாடிய மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் வீடியோவுக்கும் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை பாயும். பல ஒப்பந்தங்கள் இதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. இன்னொன்று, பீட் செய்தவர் எங்கிருந்து கிட்டாரை எடுத்தார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இலவச பீட்’ என்பது பெரும்பாலும் வருமானம் பார்க்காத பயன்பாட்டுக்கு மட்டும்தான் இலவசம்.

உரிமைகள் சுத்தமாக இருந்தால் மீதி எளிது. வேவ் கோப்புகள், 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், யார் யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற தாள். அந்தத் தாளைப் பாட்டு ஓடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஓடிய பிறகு நண்பர்களின் நினைவாற்றல் மாறிவிடும். வெளியீட்டு நாளை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள், ஏனென்றால் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாக அது அங்கே சேர்ந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே பாட்டுக்குத்தான். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே பதிவுக்கான தொகை கிடையாது. 16 பாட்டில் கடைசி ஆறு அந்தக் கோட்டைத் தாண்டாமல் போவது சாதாரணம். விநியோகத் தளம் மாஸ்டருக்கான பங்கை மட்டுமே தரும். மெட்டுக்கும் வரிக்குமான தொகை தனி, இந்தியாவில் இருப்பவர்கள் அதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேர வேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட அடையாளம் கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள். நாளைக்கு வேறு விநியோகத் தளத்துக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும். அதே தாளில் ஒவ்வொரு பாட்டின் எதிரிலும் கிட்டார் யாருடையது, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை வெட்டியது, எத்தனை சென்ட் மாற்றியது என்று எழுதுங்கள். பீட் கோப்பின் பெயர் ‘புதுசு_கடைசி_3’ என்று இருந்தால், நான்கு ஆண்டு கழித்து உரிமம் கேட்டு யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதே தெரியாது.